சுமையில்லாத சோதனை சான்றாகுமா?

மதுரை கே.கே. நகரில் பழைய ஸ்கூட்டர் ஒன்று கைமாறும்போது நடக்கும் சோதனையை எல்லோரும் அறிவோம். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துவார்கள். ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலரேட்டரை இரண்டு மூன்று முறை முறுக்கிக் காட்டுவார்கள். பின்சக்கரம் விர்ரென்று சுற்றும். எஞ்சின் சீராக இரையும். பிறகு வண்டியூர்க் கண்மாய்ப் பக்கம் ஒரு சுற்று. "பிக்கப் நல்லா இருக்கு" என்ற ஒரே வாக்கியத்தோடு விசாரணை முடிந்துவிடும். ஆர்.சி. புக், இன்ஷூரன்ஸ், டயர், பெயின்ட் ஆகியவற்றுக்குக் கிடைக்கும் கவனத்தில் பாதிகூட, இடப்பக்க மூடிக்குள் இருக்கும் வேரியேட்டருக்கும் பெல்ட்டுக்கும் கிளட்ச்சுக்கும் கிடைப்பதில்லை. வண்டியின் இழுவை, மைலேஜ், ஏற்றத்தில் அதன் நடத்தை ஆகிய மூன்றையும் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்த மூடிக்குள் இருப்பதுதான்.

கியர் இல்லாத ஸ்கூட்டரின் நோயறிய இன்று நம் ஒர்க்‌ஷாப்புகளில் நான்கு வழிகள் புழங்குகின்றன: கேட்டும் ஓட்டியும் அறிவது, பிரித்துப் பார்ப்பது, மொத்தமாக மாற்றிவிடுவது, அளப்பது. நான்கையும் ஒரே அளவுகோலில் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். அந்த அளவுகோல் எளியது. எஞ்சின் தளர்ந்திருக்கிறதா, எஞ்சின் நன்றாக இருந்தும் வேரியேட்டரின் அமைப்பு தவறியிருக்கிறதா என்ற இரண்டையும் ஒரு முறை பிரித்துக் காட்டுகிறதா? காட்டினால் அது சோதனை. காட்டாவிட்டால், எத்தனை காலப் பழக்கம் அதன் பின்னால் இருந்தாலும், அது வெறும் சடங்கு.

இந்தப் பிரிவினை ஏன் கடினமானது என்பதை முதலில் பார்த்துவிடலாம். கியர் வண்டியில் எஞ்சின் வேகமும் சக்கர வேகமும் பற்சக்கரங்களால் கட்டுண்டவை. ஒன்றைச் சொன்னால் மற்றதைக் கணக்கிட்டுவிடலாம். ஸ்கூட்டரில் அப்படி இல்லை. வேரியேட்டர் என்னும் முன்புல்லிக்குள் இருக்கும் ஆறு ரோலர்கள் சுழற்சியின் வேகத்தில் வெளிப்பக்கமாக ஓடி, புல்லியின் நகரும் பாதியைத் தள்ளுகின்றன. பெல்ட் முன்புறம் விளிம்பை நோக்கி ஏறுகிறது. பின்புறம் மையத்தை நோக்கி இறங்குகிறது. பின்புல்லியின் ஸ்பிரிங் அதை எதிர்க்கிறது. இவ்விரு விசைகளும் சமன்படும் இடத்தில் எஞ்சின் வேகம் நிலைகொள்கிறது. ஆகவே ஸ்கூட்டரில் எஞ்சின் வேகம் எஞ்சினின் குணத்தை மட்டும் சொல்வதில்லை. ரோலரின் எடை, ஸ்பிரிங்கின் இறுக்கம், பெல்ட்டின் அகலம், ஓட்டுபவரின் எடை, சாலையின் சரிவு எல்லாம் சேர்ந்து எழுதும் விடை அது. விடையை மட்டும் வைத்துக்கொண்டு அத்தனை காரணிகளில் எது பிழைத்தது என்று சொல்லிவிட முடியாது.

ரோலரின் மையவிலக்கு விசை சுழற்சி வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. எனவே ரோலரின் எடையைப் பத்து விழுக்காடு குறைத்தால், அதே விசையைத் தருவதற்கு எஞ்சின் ஏறத்தாழ ஐந்து விழுக்காடு கூடுதலாகச் சுழல வேண்டும். நிமிடத்துக்கு 6,000 சுற்றில் நின்ற வண்டி 6,300ஐத் தாண்டும். ஒரு ரோலரின் எடை கிராம் கணக்கில் சொல்லும் அளவுக்குச் சிறியது. அதில் ஒன்றிரண்டு கிராம் வேறுபட்டாலே வண்டியின் சுபாவம் மாறிவிடுகிறது என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

இத்தொழில்நுட்பம் நமக்குப் புதிதும் அல்ல. 1958இல் ஹாலந்தின் டாஃப் கார் பெல்ட்டும் நகரும் புல்லியுமாக வந்தது. 1984இல் கைனடிக் ஹோண்டா அதை இந்தியச் சாலைக்குக் கொண்டுவந்தது. 2001இல் வந்த ஆக்டிவா அதை வீட்டுக்கு வீடு நிறுத்தியது. மதுரைக்கு இதில் கூடுதல் உரிமையே உண்டு. டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911இல் தொடங்கிய நிறுவனத்தின் ஊர் இது. தொழிற்சாலைகளுக்கு வி-பெல்ட் செய்யும் ஃபென்னர் ஆலை கோச்சடையில் இருக்கிறது. இருசக்கர வண்டி டயர் செய்யும் ஸ்ரீசக்ரா ஆலை மேலூர்ச் சாலையில் வெள்ளரிப்பட்டியில் இருக்கிறது. பெல்ட்டும் டயரும் பிறக்கும் ஊரில், அவற்றுக்கு இடையே நடப்பதைச் சோதிக்கும் முறை இவ்வளவு தளர்ந்திருப்பது பொருத்தமாக இல்லை.

ஒப்பிட ஓர் உயர்ந்த தரம் வேண்டுமென்றால், பெல்ட்டும் வேரியேட்டரும் வைத்த இன்னொரு வண்டியைப் பார்க்கலாம்: மலைப் பனியில் ஓடும் ஸ்னோமொபைல். சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் உள்ள குல்மார்க்கில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடுவதும், சியாச்சினில் நம் ராணுவம் பயன்படுத்துவதும் இதே இனம்தான். ரோலருக்குப் பதிலாக அதில் ஊசலாடும் எடைக்கைகள். பின்புல்லியில் திருகுச் சரிவும் ஸ்பிரிங்கும். தத்துவம் ஒன்றே. ஆனால் மலை ஸ்னோமொபைலின் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் தன் முழு ஆற்றலையும் 8,000 சுற்றை ஒட்டிய ஒரு குறுகிய இடைவெளியில்தான் தருகிறது. முந்நூறு சுற்று கீழே விழுந்தாலே ஆழ்பனியில் வண்டி மூச்சுத் திணறும். அதனால் அங்கே பழைய வண்டி வாங்குபவர் கேட்கும் முக்கியமான கேள்வி: ஆழ்பனியில் ஏற்றத்தில், முழு ஆக்ஸிலரேட்டரில், எத்தனை சுற்றில் நிற்கிறது? எந்த உயரத்தில்? எடைக்கைகள் எத்தனை கிராம்? இந்த மூன்றுக்கும் விடை தெரியாமல் வண்டியைப் பற்றிக் கருத்துச் சொல்வதை அந்தத் துறையில் யாரும் மதிப்பதில்லை. சமவெளிக்காரரிடமிருந்து வாங்கிய வண்டியை மலைக்குக் கொண்டுபோனால், காற்று மெலிந்து எஞ்சின் ஆற்றல் குறையும். கனமான எடைக்கைகள் எஞ்சினை அதன் வீரியச் சுற்றுக்குக் கீழே இழுத்துவிடும். எஞ்சின் பழுது என்று தோன்றுவது, உயரத்துக்குப் பொருந்தாத கிளட்ச் அமைப்பாக இருக்கும்.

இந்த மரபிலிருந்து நாம் கொள்ள வேண்டியவை இரண்டு: சுமையோடு சோதிப்பது, எண்ணால் பேசுவது. தள்ள வேண்டியதும் ஒன்று உண்டு. உச்ச ஆற்றல் எந்தச் சுற்றில் கிடைக்கிறதோ அங்கேயே வண்டி நிற்க வேண்டும் என்ற அவர்களின் இலக்கை நம் ஸ்கூட்டர் மீது அப்படியே சுமத்தக் கூடாது. 110 சிசி ஆக்டிவாவின் நெடுங்காலத் தலைமுறை ஒன்றில் ஏறத்தாழ எட்டுக் குதிரைத்திறன் 7,500 சுற்றில் கிடைக்கும். உச்ச டார்க் 5,500ஐ ஒட்டிக் கிடைக்கும். மைலேஜை மனத்தில் வைத்துத் தயாரிப்பாளர் வேரியேட்டரை உச்ச ஆற்றலுக்குக் கீழேயே நிற்கும்படி அமைக்கிறார். ஒரு நல்ல ஆக்டிவா வேகம் பிடிக்கும்போது 7,500இல் நிற்கவில்லை என்பதற்காக அதைக் குறைகூறுவது, நாடகத்தை நாவலின் இலக்கணத்தால் அளக்கும் விமர்சனத்தைப் போன்றது. அளவுகோல் கடுமையாக இருப்பது மட்டும் போதாது. அது அந்தப் படைப்பின் நோக்கத்துக்கு உரியதாகவும் இருக்க வேண்டும்.

இனி நான்கு முறைகளுக்கு வருவோம்.

கேட்டும் ஓட்டியும் அறிவது. இதன் பெருமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. அனுபவப்பட்ட மெக்கானிக்கின் காது சில செய்திகளை எந்தக் கருவிக்கும் முன்னால் பிடித்துவிடும். ஐட்லிங்கில் கேட்கும் கடகட ஒலி, நகரும் பாதியைத் தாங்கும் தகட்டின் பிளாஸ்டிக் வழிகாட்டிகள் தேய்ந்ததைச் சொல்லும். வண்டி கிளம்பும்போது வரும் நடுக்கம், கிளட்ச் ஷூ கண்ணாடிபோல் மழுங்கியதைச் சொல்லும். நடு வேகத்தில் ஒரு கணம் தயங்கிப் பின் துள்ளினால் ரோலரில் தட்டை விழுந்திருக்க வாய்ப்பு உண்டு. ஒழுங்கின்மையை அறிவதில் காது வல்லது. அளவை அறிவதில் வலுவற்றது. நான்கு ஸ்ட்ரோக் ஒற்றை சிலிண்டர் எஞ்சின் 6,000 சுற்றில் நொடிக்கு ஐம்பது முறை வெடிக்கிறது. 6,300இல் ஐம்பத்திரண்டரை முறை. ஒலியில் இது அரைச் சுரத்துக்கும் குறைவான வேறுபாடு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் பலருக்கும் தெரியும். ஒன்றை மட்டும், ஓட்டை சைலன்சரோடு, நாற்பது டிகிரி வெயிலில், பேருந்து ஹார்னுக்கு நடுவே கேட்டுவிட்டு இது சரியான அளவு என்று சொல்ல யாராலும் முடியாது. "வண்டி ரேஸ் ஆகுது, இழுவை இல்லை" என்று மெக்கானிக் சொல்லும்போது அறிகுறியைச் சரியாகவே சொல்கிறார். பெல்ட் நழுவுகிறதா, ரோலர் வெளியே போகாமல் சிக்கியிருக்கிறதா, யாரோ இலேசான ரோலர் போட்டிருக்கிறார்களா என்ற மூன்றையும் அந்த வாக்கியம் பிரிப்பதில்லை.

சென்டர் ஸ்டாண்ட் சோதனையை இந்த முறையின் அங்கமாகவே பலர் எண்ணுகிறார்கள். அது இந்த முறைக்கு இழுக்கு. சுமையில்லாத சக்கரத்தைச் சுழற்ற எஞ்சினுக்கு ஏறக்குறைய எந்த முயற்சியும் தேவையில்லை. தேய்ந்து குறுகிய பெல்ட்டும் அங்கே பிடிக்கும். தளர்ந்த ஸ்பிரிங்கும் போதும். கம்ப்ரெஷன் பாதி போன எஞ்சினும் முழங்கும். ஐட்லிங்கில் சக்கரம் நிற்காமல் வேகமாகச் சுற்றுகிறதா என்று பார்க்கலாம்; அது கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்ததற்கோ ஐட்லிங் கூடியதற்கோ அடையாளம். அதற்கு மேல் அந்தச் சோதனை எதையும் சொல்லாது. பிரேக்கை இறுகப் பிடித்துக்கொண்டு முறுக்கிப் பார்க்கும் இன்னொரு பழக்கம் உண்டு. பின்பக்கக் கிளட்ச் எந்தச் சுற்றில் கவ்வுகிறது என்பதற்கு அது உதவும். பொதுவாக 3,000ஐ ஒட்டி. ஆனால் அப்போது பெல்ட் தொடக்க நிலையிலேயே நிற்பதால் வேரியேட்டரைப் பற்றி அது மௌனம். இரண்டு நொடிக்கு மேல் பிடித்தால் ஷூ கருகும் வாடை வரும். விற்பவரின் வண்டியில் அதைச் செய்ய வாங்குபவருக்கு உரிமையும் இல்லை.

பிரித்துப் பார்ப்பது. நான்கில் மிகவும் நேர்மையான முறை இதுவே, ஏனெனில் பாகம் பொய் சொல்வதில்லை. மூடியைத் திறந்ததும் கருப்புத் தூள் எவ்வளவு படிந்திருக்கிறது என்பதே பெல்ட்டின் வயதைச் சொல்லும். ரோலர்களை உள்ளங்கையில் எடுத்து உருட்டினால், நல்லது வழுக்கிக்கொண்டு உருளும். தேய்ந்தது ஒரு பக்கம் வந்ததும் டக்கென்று உட்காரும். அந்தத் தட்டைப் பகுதியால் ரோலரின் விட்டம் குறைந்துபோகிறது. கடைசி எல்லை வரை அது புல்லியைத் தள்ளுவதில்லை. உச்ச வேகம் குறைகிறது. பெல்ட்டின் அகலத்தை வெர்னியரில் அளந்து கையேட்டின் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிடலாம். கிளட்ச் டிரம்மில் நீலம் பாய்ந்திருந்தால் அது வெந்திருக்கிறது. ஸ்பிரிங்கின் நீளம் குறைந்திருந்தால் அது சோர்ந்திருக்கிறது. இவை எல்லாம் கண்ணால் கண்ட சான்றுகள்.

ஆனாலும் முறை என்ற அளவில் இதற்கு ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. ஒவ்வொரு பாகமும் தனித்தனியே நன்றாக இருந்து, கூட்டாகத் தவறியிருக்கலாம். முந்தைய உரிமையாளர் வேறு மாடலின் ரோலரைப் போட்டிருப்பார்; அளவு ஒன்று, எடை வேறு. புத்தம்புதிய ரோலர், புத்தம்புதிய ஸ்பிரிங், இரண்டும் ஒன்றுக்கொன்று ஒவ்வாதவை. கண் இதைக் காணாது, தராசு காணும். தெற்காவணி மூல வீதியில் தங்கத்துக்கு வைக்கும் துல்லியம் தேவையில்லை. அரை கிராம் காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு போதும். ஆறு ரோலரையும் ஒவ்வொன்றாக நிறுத்துக் குறித்தால், தேய்மானமும் கலப்படமும் ஒரே நேரத்தில் வெளிப்படும். இந்த ஒரு சிறிய வேலையை ஒர்க்‌ஷாப்புகள் செய்யாமல் விடுவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

பிரித்துப் பார்க்கும் முறையை அரைப்படி உயர்த்தும் நுட்பம் ஒன்று உண்டு. அது என் நெஞ்சுக்கு நெருக்கமானது. முன்புல்லியின் முகத்தைச் சுத்தமாகத் துடைத்து, மையத்திலிருந்து விளிம்பு வரை மார்க்கர் பேனாவால் ஒரு கோடு இழுக்க வேண்டும். மூடியைப் போட்டு, வண்டியை முழு வேகம் வரை ஒரு முறை ஓட்டி, மறுபடி திறக்க வேண்டும். பெல்ட் ஏறிய தூரம் வரை கோடு அழிந்திருக்கும். விளிம்பை நெருங்கி அழிந்திருந்தால் வேரியேட்டர் தன் முழு வீச்சையும் பயன்படுத்துகிறது. கால் அங்குலம் அழியாமல் மிஞ்சினால், பெல்ட் மேலே ஏறவில்லை. எஞ்சின் எவ்வளவு திடமாக இருந்தாலும் உச்ச வேகம் வராது. பத்து ரூபாய் பேனாவால், ஓடும்போது மூடிக்குள் நடந்ததை நின்றபின் படிக்க முடிகிறது. பார்க்கும் முறைக்கும் அளக்கும் முறைக்கும் இடையே இதைவிட அழகான பாலம் எனக்குத் தெரியாது.

மொத்தமாக மாற்றிவிடுவது. பெல்ட், ரோலர், ஷூ, ஸ்பிரிங் எல்லாவற்றையும் ஒரே அடியாக மாற்றிவிடச் சொல்லும் ஆலோசனை. இதற்கும் ஒரு நியாயம் உண்டு: இருபதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டிய, எப்போது மாற்றியது என்றே தெரியாத பெல்ட்டை நடுவழியில் அறுபட விடுவதைவிட மாற்றுவது அறிவு. பராமரிப்பாக இதை ஏற்கிறேன். நோயறிதலாக ஏற்க மாட்டேன். குறை நீங்கினால் எதனால் நீங்கியது என்று தெரியாது. நீங்காவிட்டால் சான்றுகள் எல்லாம் குப்பைக்கூடைக்குப் போயிருக்கும். எஞ்சினின் வால்வு கசிவுதான் மூலகாரணம் என்றால், வாடிக்கையாளர் ஒரு நல்ல கிளட்ச் செட்டுக்குப் பணம் கொடுத்து அதே கெட்ட வண்டியை ஓட்டிக்கொண்டு போவார்.

அளப்பது. இங்கேதான் நம் ஒர்க்‌ஷாப்புகள் ஏழைகள். பெரும்பாலான ஸ்கூட்டர்களில் சுற்றுமானி கிடையாது. ஆனால் ஸ்பார்க் பிளக் ஒயரின் மேல் ஒரு கம்பியைச் சுற்றினால் சுற்று எண்ணிக்கை காட்டும் சிறு கருவிகள் மலிவாகவே கிடைக்கின்றன. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபின் விற்ற எரிபொருள் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் நோயறிக் கருவியைச் செருகியே எண்ணைப் படிக்கலாம். செல்போனில் ஒலியின் அதிர்வெண்ணைக் காட்டும் செயலியும் உதவும். நொடிக்கு எத்தனை வெடிப்பு என்பதை 120ஆல் பெருக்கினால் சுற்று வந்துவிடும்.

எண் கிடைத்துவிட்டது என்பதாலேயே உண்மை கிடைத்துவிட்டதாக எண்ண வேண்டாம். கார்புரேட்டர் காலத்து ஒற்றை சிலிண்டர் எஞ்சின்களில் பொதுவாகப் பிளக் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை பொறிவிடும். வெடிப்பு நடப்பதோ இரு சுற்றுக்கு ஒருமுறை. கருவியை வேறு முறையில் அமைத்திருந்தால் அது இருமடங்காகவோ பாதியாகவோ காட்டும். ஐட்லிங்கில் 1,700ஐ ஒட்டி வர வேண்டிய வண்டி 3,400 காட்டினால், தவறு வண்டியில் இல்லை. இந்தச் சரிபார்ப்பைச் செய்யாத அளவீடு, அளக்காமல் விட்டதைவிடத் தீங்கானது. காது தயக்கத்தோடு பேசும். எண் உறுதியோடு பேசும். தவறான உறுதி பெரிய செலவு வைக்கும்.

அதைவிட ஆழமான குறை, சுற்றை மட்டும் தனியே படிப்பது. சுற்றோடு சாலை வேகத்தையும் சேர்த்துப் படித்தால்தான் நோய் பிரியும். முழு ஆக்ஸிலரேட்டரில் ஏறும்போது, நடு வேகங்களில் ஆரோக்கியமான வேரியேட்டர் எஞ்சின் சுற்றை ஏறக்குறைய ஒரே இடத்தில் நிறுத்திக்கொண்டே வேகத்தை மட்டும் கூட்டும். அதுதான் அதன் தொழில். வேகத்தோடு சுற்றும் கூடிக்கொண்டே போனால் வேரியேட்டர் ஓரிடத்தில் சிக்கியிருக்கிறது. சுற்று ஒரே இடத்தில் நிலையாக நின்று, ஆனால் இருக்க வேண்டியதைவிட உயரத்தில் நின்றால் ரோலர் இலேசு, அல்லது ஸ்பிரிங் கடினம். சுற்று எகிறியும் வேகம் எழாமல், அதிலும் வண்டி சூடான பிறகு எகிறினால், பெல்ட்டோ ஷூவோ நழுவுகிறது. சுற்றும் தாழ்வு, வேகமும் மந்தம் என்றால் எஞ்சினைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு முன் ஏர் ஃபில்டர் அடைப்பு, பின்பிரேக் உரசல், டயர் காற்று ஆகிய மூன்றையும் விலக்கிவிட வேண்டும். கம்ப்ரெஷன் பார்த்தபின்தான் தீர்ப்பு. தளர்ந்த ஸ்பிரிங்கும் கனத்த ரோலரும் சுற்றைத் தாழ்த்தும், ஆனால் சமதளத்தில் உச்ச வேகத்தை அவ்வளவாகக் கெடுப்பதில்லை, ஏற்றத்தில்தான் காட்டிக்கொடுக்கும். இரண்டு எண்கள், இரண்டு சாலைகள். இவ்வளவு இருந்தால் பெரும்பாலான வழக்குகள் மூடியைத் திறப்பதற்கு முன்பே பாதி முடிந்துவிடும்.

எந்த எண் சரியான எண்? கையேட்டில் எல்லாம் இருப்பதில்லை. இங்கே மதுரைக்கு ஒரு வசதி இருக்கிறது: ஒரே மாடல் வண்டி தெருவுக்குப் பத்து நிற்கிறது. நன்றாகப் பராமரித்த அதே மாடல் வண்டியை, அதே ஓட்டுநர், அதே பின்னிருக்கைப் பாரத்தோடு, அதே ஏற்றத்தில் ஓட்டிக் குறித்துக்கொண்டால் அதுவே அளவுகோல். இதைவிட நியாயமான ஒப்பீடு எந்த ஆய்வகத்திலும் கிடைக்காது.

ஏற்றம்தான் இந்த ஊரில் கஷ்டம். நகரம் முழுக்கச் சமதளம். ஆண்டாள்புரம் பாலமோ எல்லிஸ் நகர் பாலமோ தரும் சரிவு சில நொடிகளில் தீர்ந்துவிடும். ரோலரும் பெல்ட்டும் சூடாகி உண்மை பேச அந்த நேரம் போதாது. இருவர் அமர்ந்து, இருபது நிமிடம் ஓட்டிச் சூடேற்றியபின், காலையில் ஆள் நடமாட்டம் இல்லாதபோது பாலத்தில் ஏற்றினால் ஓரளவுக்குத் தேறும். முழுச் சோதனை வேண்டுமென்றால் திண்டுக்கல் வழியே சிறுமலை. அதன் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளும் ஒவ்வொன்றும் ஒரு கேள்வி. வளைவில் வேகம் விழும். மீண்டும் முறுக்கும்போது வேரியேட்டர் உடனே கீழிறங்கிச் சுற்றை எழுப்ப வேண்டும். அந்த இறங்குதல் பின்புல்லி ஸ்பிரிங்கின் வேலை. சமவெளியில் வருடக்கணக்கில் மறைந்திருந்த தளர்ச்சி இரண்டாவது வளைவிலேயே தெரிந்துவிடும்.

கொடைக்கானலைச் சோதனைக்களமாகக் கொள்வோருக்கு ஓர் எச்சரிக்கை. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எஞ்சின் ஆற்றலும் அந்த அளவுக்குக் குறையும். ரோலருக்கு உயரம் தெரியாது. அது அதே விசையோடு தள்ளும். பின்புல்லியில் ஸ்பிரிங்கோடு சேர்ந்து அதை எதிர்க்கும் டார்க் குறைந்துவிட்டதால் பெல்ட் முன்கூட்டியே ஏறிவிடும், சுற்று தாழும், வண்டி சோம்பும். ஸ்னோமொபைல்காரர் எடைக்கைகளை மாற்றுவது இதற்காகத்தான். ஆகவே கொடைக்கானலில் சோம்பிய ஸ்கூட்டர் பழுதான ஸ்கூட்டர் அன்று. அங்கே இலேசான ரோலர் போட்டுச் சரிசெய்த வண்டி மதுரைக்கு இறங்கியதும் வீணாக இரையும்; பெட்ரோலும் குடிக்கும். மலையிலிருந்து இறங்கிய பழைய வண்டியை வாங்குபவர் ரோலரை நிறுத்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

இந்த இடத்தில்தான் விலைபேசும் சந்தையின் பெரிய ஆபத்து இருக்கிறது. இலேசான ரோலர், தளர்ந்த எஞ்சினுக்குப் போடும் ஒப்பனை. எஞ்சினை உயர்ந்த சுற்றிலேயே நிறுத்தி வைப்பதால் கிளம்பும்போது வண்டி துள்ளும்; "பிக்கப் நல்லா இருக்கு" என்ற சான்றிதழ் உடனே கிடைக்கும். கண்மாயைச் சுற்றிவரும் சிறிய ஓட்டத்தில் இதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. நாம் நம்பும் சோதனை, எந்த ஏமாற்று எளிதோ அதற்கே பரிசு தருகிறது. ஒரு சோதனை முறையின் மீது இதைவிடக் கடுமையான குற்றச்சாட்டு இருக்க முடியாது.

விற்பவர் நோக்கமின்றியும் இது நடக்கலாம். எஞ்சின் தளர்ந்தபோது எஞ்சினைப் பார்க்காமல் ரோலரை மாற்றிச் சமாளித்த மெக்கானிக், வாடிக்கையாளருக்கு அன்று நல்லதே செய்தார். ஆனால் அவர் ஓர் அடிப்படை வரிசையை மீறினார். முதலில் எல்லாப் பாகங்களையும் தயாரிப்பாளரின் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அதன் பிறகே, தேவையிருந்தால், அமைப்பை மாற்ற வேண்டும். தேய்ந்த பெல்ட்டின் மீது செய்த டியூனிங், புது பெல்ட் போட்ட அன்றே பொய்யாகிவிடும்.

தீர்ப்புக்கு வருகிறேன். காதைத் தள்ள வேண்டாம். அது எங்கே தேட வேண்டும் என்று சொல்லட்டும். ஆனால் காதின் சொல்லை மட்டும் வைத்து விலை பேச வேண்டாம். மொத்த மாற்றத்தைப் பராமரிப்புக் கணக்கில் எழுதலாம். நோயறிதல் கணக்கில் எழுதக் கூடாது. பிரித்துப் பார்ப்பது அவசியம். ஆனால் அது இரண்டாவது படி, அதுவும் தராசும் மார்க்கர் கோடும் உடனிருந்தால்தான் முழுமை பெறும். முதல் படி, சூடான வண்டியில், பாரத்தோடு, ஏற்றத்தில், சுற்றையும் வேகத்தையும் சேர்த்து அளந்து, அதே மாடலின் நல்ல வண்டியோடு ஒப்பிடுவது. எஞ்சின் நோயையும் வேரியேட்டர் நோயையும் பிரித்துக் காட்டும் தகுதி இந்த வரிசைக்கு மட்டுமே உண்டு. சென்டர் ஸ்டாண்ட் சோதனைக்கு அந்தத் தகுதி துளியும் இல்லை.

ஆகவே வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. இருவர் அமர்ந்து ஒரு பாலமாவது ஏறிப் பார்க்க விற்பவர் அனுமதிக்கவில்லையா, இடப்பக்க மூடியைத் திறந்து ரோலரை நிறுத்துப் பார்க்கச் சம்மதிக்கவில்லையா? பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும் அந்த வண்டியை வாங்காதீர்கள்.